காவல் முட்டையின் சிவப்பு

நெவென்காவோடு ஒரு தடவை கடைக்குப் போனவர்கள், மறு தடவை அவள் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிவிடுவார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்க மாட்டாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். போன மாதம் வந்ததில் நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது, இந்த மாதம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று சத்தமாகவே சொல்வாள். பழைய சரக்கு விற்கிறோம் என்கிறாளோ என்று கடைக்காரி முறைப்பாள். நெவென்காவுக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது.

வால்யெவோ ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் அட்டைப்பெட்டி அச்சகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் டிசைனைச் சிஸ்டத்தில் திறந்து, அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன்னால் அதிலுள்ள கோளாறை எல்லாம் களைந்து எடுக்க வேண்டும். பாதிக் கோளாறு நிறத்தில்தான் இருக்கும். படம் அச்சடிக்க நாலு மை போதும். ஆனால் பெட்டி என்று ஒன்று இருந்தால் அதற்கு முகம்போல ஒரு நிறம் இருக்கும். நாலு மையைச் சேர்த்து அந்த நிறத்தைக் கொண்டுவரப் பார்த்தால் காலையில் ஒரு சாயலும் மாலையில் ஒரு சாயலும் வந்து மானத்தை வாங்கிவிடும். அதனால் அதைத் தனி மையாக டப்பாவிலேயே கலந்து, அதற்கென்று தனி பிளேட் போட்டு அடிப்பார்கள். எந்தத் தனி மை, அதற்கு என்ன எண், பளபளப்புத் தாளுக்கா சொரசொரப்புத் தாளுக்கா என்று மென்பொருளில் தேடிக் கண்டுபிடித்து உட்கார வைப்பதுதான் நெவென்காவின் தொழில்.

பெல்கிரேடில் படித்துவிட்டு வரும் சின்னப் பிள்ளைகள் அனுப்பும் டிசைனைத் திறந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே சிவப்பை மூன்று பெயரில் வைத்திருப்பார்கள்: 'சிவப்பு', 'புது சிவப்பு', 'கடைசி சிவப்பு'. பெயர் மூன்றென்றால் சிஸ்டத்துக்கு மை மூன்று. மூன்று பிளேட் கேட்டு நிற்கும். அதையெல்லாம் ஒன்றாக்கிவிட்டு, டிசைன் செய்தவனுக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை கேட்டால்தான் அவளுக்குக் காப்பி இறங்கும். மற்றபடி நிம்மதியான மனுஷி. கணவன் விதோயே பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய் பேசாமல் சாப்பிடுகிற ஆள். வீட்டுக்குப் பின்னால் நாலு பிளம் மரம், ஒரு மிளகாய்ப் பாத்தி. வேறென்ன வேண்டும் என்று அவளே கேட்பாள், பதிலை எதிர்பார்க்க மாட்டாள்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதை வீட்டில் செய்து பார்க்காமல் விடமாட்டாள். சூப் பாக்கெட் என்றால் அதில் போட்டபடி அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஏழு நிமிடம் கொதிக்க வைப்பாள். ஒரு தடவை புட்டிங் பவுடர் பாக்கெட்டில் ஐநூறு மில்லி பால் என்பது ஐம்பது என்று இருந்ததை அடுப்படியில்தான் பிடித்தாள். அன்று விதோயே சாப்பிட்டதைச் செங்கல் என்று சொன்னாலும் தகும்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஸ்ரெதென் வந்தார். முட்டைச் சாயக்காரர் ஸ்ரெதென் என்றால் கோலுபாரா ஆற்றுப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. மாமனார் கொடுத்த செய்முறை. ஈஸ்டர் முட்டைக்கு நிறமேற்றும் சாயப்பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்பார். ஈஸ்டருக்கு முந்தின மூன்று வாரம்தான் வியாபாரம்; அதை வைத்துத்தான் வருடம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். போதாததற்கு அவர் எங்கள் முதலாளி திஹோமிரின் கல்யாணத்தில் சாட்சி நின்றவர். எங்கள் பக்கம் அந்த உறவுக்குக் 'கூம்' என்று பெயர்; கூடப்பிறந்தவனிடம் மல்லுக்கு நிற்கலாம், கூமிடம் நிற்க முடியாது. அதனால் திஹோமிர் அவரை வாசலிலேயே கட்டிப்பிடித்து, ராக்கியா என்ற பழச் சாராயம் ஊற்றிக் கொடுத்து, நேராக நெவென்காவின் மேஜைக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். போன வருடம் வேறோர் இடத்தில் நாலு மையில் அடித்த பொட்டலத்தை வைத்துச் சந்தையில் பெண்கள் ஸ்ரெதெனைப் பிடித்துக்கொண்டார்களாம். பொட்டலத்தில் ஒரு சிவப்பு, முட்டையில் ஒரு சிவப்பு, உங்கள் பாக்கெட் பொய் சொல்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்கள். பக்கத்துக் கடையில் துருக்கிச் சாயம் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. இந்த வருடம் முட்டை எப்படி வருமோ அதே சிவப்பு பொட்டலத்தின் மேலே இருந்தாக வேண்டும். இதுவும் தப்பினால் அடுத்த வருடம் கடையே போட வேண்டாம் என்றார். வழக்கமாக இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மனைவி தேசங்கா, மகளுக்கு நாள் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டதென்று வியன்னாவுக்குப் போய்விட்டாளாம்.

சொல்லிவிட்டு, கோட்டுப் பைக்குள்ளிருந்து கம்பளித் துணிச் சுருள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு முட்டை இருந்தது. நெவென்காவும் திஹோமிரும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது வீட்டுக் காவல் முட்டை. பெரிய வெள்ளிக்கிழமை முதலில் சாயத்தில் முக்கி எடுப்பது எப்போதும் சிவப்புதான்; அந்த முதல் முட்டையை யாரும் தின்பதில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அடுத்த ஈஸ்டர்வரை அது வீட்டைக் காக்கும்.

"தேசங்காதான் இதை எடுத்துட்டுப் போகச் சொன்னா. இதவிட நல்ல சிவப்பு நம்ம வீட்ல இல்ல, இதே மாதிரி வேணும்னு சொல்லுங்கன்னா" என்றார் ஸ்ரெதென்.

நிறம் அளக்கும் கருவியைத் தட்டையான தாளில் வைத்துத்தான் நெவென்காவுக்குப் பழக்கம். முட்டையோ உருண்டை, அதிலும் ஒரு வருட முட்டை. கை தவறினால் நாற்றம் ஒரு பக்கம், கூமின் வீட்டுக் காவல் போன பாவம் ஒரு பக்கம். ஸ்பாஞ்சில் வளையம் வெட்டி, அதில் முட்டையை உட்கார வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் அளந்தாள். வந்த அளவை மென்பொருளில் கொடுத்தாள். அது தன் பட்டியலைத் துழாவி, மிக நெருங்கியது இதுதான் என்று ஓர் எண்ணைக் கொடுத்தது. திரையில் பார்த்தபோது கொஞ்சம் மங்கலாக, கூரை ஓட்டு நிறமாகத்தான் இருந்தது. திரையை நம்பாதே, எண்ணை நம்பு என்று வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள், எண்ணையே நம்பினாள்.

பத்து நாளில் பெல்கிரேடிலிருந்து மை வந்து சேர்ந்தது. தாளில் தடவி ஸ்ரெதெனிடம் காட்டினாள். அவர் முட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது. திஹோமிரும் பார்த்தார், மெஷின்காரன் ஒப்ராத்தும் பார்த்தான். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. ஸ்ரெதென் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்த வருடப் பொடியில் ஒரு கைப்பிடிப் பொட்டலத்தை நெவென்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அச்சு என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெவென்கா பொட்டலத்தின் பின்பக்கத்தைச் செய்து பார்க்க உட்கார்ந்தாள். ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு கரண்டி வினிகர், பத்து நிமிடம். நோன்பு நாளில் ஆறு முட்டை வேகிறதே, யார் தின்பது என்று விதோயே கேட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் நோன்பு இருக்கிற ஆளுக்கு அந்தக் கவலை எதற்கு என்றாள். பத்து நிமிடம் ஆனதும் முதல் முட்டையைக் கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

பளிச்சென்று கண்ணைப் பறிக்கிற சிவப்பு. நாளைக்கு அச்சடிக்கப் போகிற நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஓடு வெள்ளையாக இருப்பதால் இப்படியோ என்று பழுப்பு ஓட்டு முட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் அழுத்தமாக வந்தது, அவ்வளவுதான். அதுவும் சுத்தச் சிவப்பு. பொடியில் குறை இல்லை. அப்படியே நின்றவள், கூடத்துக்குப் போய்த் தன் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த காவல் முட்டையை எடுத்துக்கொண்டு வந்து புது முட்டையோடு வைத்தாள். அது சுட்ட ஓடு மாதிரி கிடந்தது. வருடம் முழுக்க வெயிலும் விளக்கும் பட்டு வெளுத்திருக்கிறது. தினமும் தூசு தட்டுகிறாள். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அது சிவப்பு முட்டை. அதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மை நிறங்களை எண்ணோடு காட்டும் அட்டை விசிறியை, வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்று இருட்டு டிராயரில் பூட்டி வைக்கிறவள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது விசிறி வாங்கித் தரச் சொல்லி முதலாளியின் உயிரை எடுக்கிறவள், ஒரு வருடம் வெளிச்சத்தில் இருந்த முட்டையைக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டு அளந்திருக்கிறாள்! இருபத்திரண்டு வருடம் எதைக் கிழித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விதோயே உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து ஒரு முட்டையை உரித்தான்.

மறுநாள் ஆறரைக்கே அச்சகத்தில் இருந்தாள். ஒப்ராத் மெஷினில் மையை ஊற்றிவிட்டிருந்தான். ஓட்டாதே என்றாள். திஹோமிர் வந்தார். அவளுடைய புது முட்டைகளையும் காவல் முட்டையையும் பார்த்தார், அவருக்கும் புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. ஆள் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டாயிற்று. கையெழுத்துக்கு அப்புறம் நம் தலையில் ஒன்றும் விழாது என்றார். உண்மைதான். எங்கள் தொழிலில் அந்தக் கையெழுத்துதான் குடை. இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தால் எல்லாம் அச்சாகி முடிந்துவிடும், நெவென்காவை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

"சந்தையில அவர நிக்க வச்சுக் கேப்பாங்களே, அப்ப அந்தக் கையெழுத்தா வந்து பதில் சொல்லும்?" என்று கேட்டாள் நெவென்கா.

"என் கூம்கிட்ட உன் வீட்டுக் காவல் முட்டை வெளுத்துப்போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? அவங்க வீட்டையே ஏதோ சொன்ன மாதிரி ஆயிடும்."

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

திஹோமிர் போன் போட்டதும், ஸ்ரெதெனின் பழைய கார் எட்டு மணிக்கு இருமிக்கொண்டு வந்து நின்றது. நெவென்கா வெள்ளைத் தாளை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முட்டைகளை வைத்தாள்: ஒன்று புதியது, ஒன்று தன் வீட்டுக் காவல் முட்டை. எதையும் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் கொடுத்த முட்டை வெளுத்திருந்தது, நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது, உங்கள் பொடி இப்படித்தான் வருகிறது, நீங்களே பாருங்கள் என்றாள். ஸ்ரெதென் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றார் கடைசியில். பிறகு புது முட்டையைத் தொட்டு, "இதுதான பழசு?" என்றார்.

நெவென்கா இரண்டு முட்டையையும் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்ரெதென் அவள் முகத்தைப் பார்த்தார். திஹோமிரிடம் திரும்பி, கூமே, ஒரு காப்பி கொண்டா, தொண்டை வறண்டு போச்சு என்றார். திஹோமிர் போனதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சிவப்பு தெரியாது பொண்ணே. பிறவியிலயே அப்படி. சிவப்பு, பச்சை, பழுப்பு, எல்லாம் எனக்கு மண்ணு நிறம்தான். பொடியத் தராசுல நிறுத்துப் போடுவேன், அதுல ஒரு கிராம் தப்பாது. நிறத்த தேசங்கா பாப்பா. நீயே பாத்து சொல்லுன்னு அவளுக்கு மரியாதை குடுக்கற மாதிரி விட்டுருவேன்."

"இந்த விஷயம் அவங்களுக்கும் தெரியாதா சித்தப்பா?" என்று மெல்லக் கேட்டாள் நெவென்கா.

"தெரியாது. அவங்க அப்பா சாயத் தொழிலையும் பொண்ணையும் ஒண்ணா என் கையில குடுத்தார். சிவப்பு தெரியாதவன்னா ரெண்டையும் குடுத்திருப்பாரா? முப்பத்தோரு வருஷமாச்சு. இந்த வருஷம் அவ ஊர்ல இல்ல, என்ன பண்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். காவல் முட்டைய எடுத்துட்டுப் போங்கன்னு அவளே சொன்னதும் உயிர் வந்துச்சு. வீட்ல வேற எது எந்த நிறம்னு தெரியாட்டியும், அது சிவப்புன்னு எனக்கு நிச்சயமா தெரியும் இல்லையா."

இந்த மனுஷர் போட்ட கையெழுத்தை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் அச்சடிக்க இருந்தார்கள். தேசங்காவுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்கலாமா என்றார் ஸ்ரெதென். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு சிவப்பு காட்டும், அது வேண்டாம் என்றாள். பிறகு அவர் தோளில் கை வைத்து, இது என் பொறுப்பு, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, காப்பியைக் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றாள்.

முட்டைகளை மறுபடி ஸ்பாஞ்சு வளையத்தில் வைத்து அளந்தாள், வெள்ளை ஓட்டையும் பழுப்பு ஓட்டையும். மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுத்தது. இந்தத் தடவை அதோடு விடவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், அந்த எண்ணையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் முட்டையோடு வைத்துக் கண்ணால் பார்த்தாள். மென்பொருள் சொன்னதில் ஒரு துளி ஆரஞ்சு கூடியிருந்தது. அடுத்த எண்தான் சரி. டிசைனில் அந்த நிறத்தை மாற்றினாள். மையை மாற்றினால் போதும், பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது. பெல்கிரேடிலிருந்து இன்னொரு மை வரக் காத்திருக்க நேரமில்லாததால், ஒப்ராத் பழைய மையை வழித்தெடுத்துவிட்டு, அவள் கொடுத்த அளவுப்படி அச்சகத்தில் இருந்த இரண்டு சிவப்பைத் தராசில் வைத்துக் கலந்தான். வீணாய்ப் போன டப்பாவைப் பார்த்துத் திஹோமிர் பெருமூச்சு விட்டார். கூரை ஓட்டுக் கம்பெனி லேபிளுக்கு ஆகும், இதைவிடப் பொருத்தமான மை கிடைக்காது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள் நெவென்கா.

மத்தியானத்துக்குள் புது மாதிரி தயாராகிவிட்டது. ஈரம் காய்ந்ததும் ஸ்ரெதெனின் முன்னால் வைத்தாள். திஹோமிரும் பக்கத்தில் நின்றார். ஸ்ரெதென் தாளைக் கையில் எடுத்தார், முட்டையோடு வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த கண் மெதுவாக நெவென்காவின் முகத்துக்கு வந்தது. அவள் தலையை ஆட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய கார் வாசலைத் தாண்டியிருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. வியன்னாவிலிருந்து தேசங்கா. பின்னால் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. காலையில் அவரைத் திரும்பவும் அச்சகத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம், என்ன ஆயிற்று என்று கேட்டாள். காவல் முட்டை வெளுத்திருந்த கதையை நெவென்கா சொன்னாள். அது வெளுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, தினமும் அதன் முன்னால்தானே சிலுவை போடுகிறேன் என்று தேசங்கா முணுமுணுத்தாள். பிறகு குரல் மாறியது.

"புது சிவப்ப யாரு பாத்தது? அவரா, நீயா?"

"அவர்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டார்."

"கையெழுத்த கேக்கல பொண்ணே. பாத்தது யாரு?"

நெவென்கா தயங்கினாள். "நான்தான் பாத்தேன்."

தேசங்கா மூச்சு விட்டது வியன்னாவிலிருந்து காதில் விழுந்தது. "அப்பாடா. கல்யாணமாகி முதல் ஈஸ்டர். விளையாட்டுக்குப் பச்சைச் சாயம் போட்ட முட்டைய அவர் கையில குடுத்து, சிவப்பு எப்படி வந்திருக்கு பாருங்கன்னேன். ரொம்ப அழகா வந்திருக்குன்னார். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிருவார். நீ எதையும் காட்டிக்காத, என்ன?"

"சரி சித்தி" என்றாள் நெவென்கா.

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒப்ராத் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன, மறுபடியும் மாற்றமா என்று கேட்டான். ஒரு மாற்றமும் இல்லை, நிறம் இதேதான், ஓட்டு என்றாள்.